குறைந்த செலவில் நம்பகமான அயர்ன் பாக்ஸ் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அயர்ன் பாக்ஸ் வாங்கப் போகிறவர்களில் பலர் விலையில் ஆரம்பித்து, கம்பெனிப் பெயரைப் பார்த்து, கடைசியில் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். பெட்டி எங்கே பழுதாகும் என்று யாரும் பார்ப்பதில்லை. அது பெரும்பாலும் மூன்றே இடங்களில்தான் பழுதாகும்: வயர் பெட்டிக்குள் நுழையும் இடம், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், ஸ்டீம் பெட்டியாக இருந்தால் தண்ணீர் போகும் வழி. கையில் இருக்கும் பணம் குறைவு என்றால், அந்தப் பணம் இந்த மூன்று இடங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். முன்னதில் எடுத்த முடிவுதான் பின்னதில் தேடுவதைக் குறைத்துக் கொடுக்கும்.

1. வாங்கும் முன் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்

முதலாவது, துணி. அலமாரியைத் திறந்து, உண்மையில் தேய்த்து உடுத்தும் துணிகளை மட்டும் பாருங்கள். காட்டனும் லினனும் அதிகமா, பாலியஸ்டர் கலந்தவை அதிகமா, பட்டும் கம்பளியும் உண்டா? துணியின் உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளில் சின்ன அயர்ன் பாக்ஸ் படமும் அதற்குள் புள்ளிகளும் இருக்கும். ஒரு புள்ளி என்றால் சுமார் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200 வரை. பெட்டியின் டயலிலும் இதே புள்ளிகள்தான் இருக்கும். உங்கள் துணிகளில் எந்தப் புள்ளி அதிகம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, அளவு. தினம் காலையில் ஒரு சட்டையா, வாரம் ஒருமுறை மொத்தமாக ஒரு குவியலா? இரண்டுக்கும் ஒரே பெட்டி பொருந்தாது. காரணம் எடை. அதை ஏழாம் படியில் பார்ப்போம்.

மூன்றாவது, சாக்கெட். நீங்கள் தேய்க்கும் இடத்தில் இருக்கும் சாக்கெட்டில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மேசைக்கு எவ்வளவு தூரம் என்பதையும் அளந்துவிடுங்கள்.

நான்காவது, தண்ணீர். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவு பிடிக்கிறதா? பிடித்தால் அது உப்புத் தண்ணீர். இந்த ஒரு பதில் அடுத்த படியையே மாற்றிவிடும்.

2. டிரையா, ஸ்டீமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

டிரை அயர்னில் இருப்பது ஒரு சூடேற்றும் காயில், ஒரு தெர்மோஸ்டாட், ஒரு தகடு, ஒரு வயர். அவ்வளவுதான். பழுதாகக்கூடிய பாகம் குறைவு என்பதால், குறைந்த விலையிலும் நல்ல டிரை அயர்ன் கிடைக்கும். ஸ்டீம் அயர்னில் இவற்றோடு தண்ணீர்த் தொட்டி, சொட்டு விடும் வால்வு, ஸ்ப்ரே பம்ப், ரப்பர் சீல்கள், ஆவி அறை என்று ஒரு பட்டியலே சேர்கிறது. அதே விலையில் இத்தனையையும் கொடுக்க வேண்டுமென்றால், எங்காவது மலிவான பாகம் போட்டுத்தான் ஆக வேண்டும்.

அதனால் என் கருத்து இது: பட்ஜெட் மிகக் குறைவு என்றால், மலிவான ஸ்டீம் அயர்னைவிடத் தரமான டிரை அயர்ன் மேல். கூடவே ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் ஒரு மெல்லிய வெள்ளைக் காட்டன் துணியும் இருந்தால் போதும். காட்டன் துணி லேசான ஈரத்தில் இருக்கும்போதுதான் சுருக்கம் எளிதாக விடும். அந்த ஈரத்தை ஸ்ப்ரே பாட்டிலே கொடுத்துவிடும்.

ஸ்டீம் யாருக்குத் தேவை? லினனும் தடித்த காட்டனும் நிறைய உள்ளவர்களுக்கு. காய்ந்து விறைத்துப்போன துணியை வாரக் கடைசியில் மொத்தமாகத் தேய்ப்பவர்களுக்கு. கம்பளி உடைகளை அழுத்தாமல் ஆவி காட்டி நேராக்க விரும்புகிறவர்களுக்கு.

உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் ஸ்டீம் வாங்குவதென்றால், ஒவ்வொரு முறையும் வேறு தண்ணீர் ஊற்றத் தயாராக இருக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் இப்போதே டிரை பக்கம் வந்துவிடுங்கள்.

தொங்கவிட்ட துணிமேல் ஆவி அடிக்கும் கார்மென்ட் ஸ்டீமரை இதற்குப் பதிலாக வாங்காதீர்கள். அது சுருக்கத்தைத் தளர்த்தும். ஆனால் காலரையும் பேன்ட் மடிப்பையும் கத்திபோல நிறுத்தாது, அதற்கு அழுத்தம் வேண்டும்.

3. வாட்டை அளவோடு பாருங்கள்

வாட் கூடினால் பெட்டி அதிகச் சூடாகும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. எவ்வளவு சூடு என்பதைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட். எவ்வளவு சீக்கிரம் அந்தச் சூட்டை எட்டும், ஈரத் துணி சூட்டை உறிஞ்சியபின் எவ்வளவு சீக்கிரம் மீளும் என்பதைத்தான் வாட் சொல்கிறது.

டிரை அயர்ன்களில் 750 முதல் 1000 வாட் வரை பொதுவாகக் கிடைக்கும். தினம் ஒன்றிரண்டு உடுப்புக்கு 750 போதும். மொத்தமாகத் தேய்ப்பவர்கள் 1000 எடுத்துக்கொள்ளலாம். ஸ்டீம் அயர்னுக்குத் தண்ணீரை ஆவியாக்கவும் சக்தி வேண்டும் என்பதால் 1200க்குக் கீழ் போக வேண்டாம். 1400 முதல் 1800 வரை இருந்தால் வீட்டு வேலைக்குத் தாராளம்.

இப்போது சாக்கெட் கணக்கு. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். 230 வோல்ட்டில் 1000 வாட் பெட்டி சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். 2200 வாட் பெட்டி ஏறத்தாழ 9.6 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட்டில் முதலாவதைத் தாராளமாகப் போடலாம், இரண்டாவதைப் போடக் கூடாது. பலரும் 2000 வாட்டுக்கு மேல் வாங்கிவந்து, சாக்கெட் பொருந்தாமல் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி, அந்த வயர் இளகிய பிறகுதான் கணக்குப் போடுகிறார்கள்.

மின்சாரச் செலவைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். 1000 வாட் பெட்டி அரை மணி நேரம் இடைவிடாமல் எரிந்தாலும் அரை யூனிட்தான். தெர்மோஸ்டாட் இடையிடையே துண்டிப்பதால் உண்மையில் அதற்கும் குறைவாகவே ஆகும்.

4. தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அயர்ன் பாக்ஸின் மூளை இதுதான். விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

உள்ளே வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு சிறு பட்டை இருக்கிறது. தகடு சூடானதும் பட்டை வளைந்து மின் தொடர்பைத் துண்டிக்கும். ஆறியதும் நிமிர்ந்து மறுபடி இணைக்கும். டயலைத் திருப்பும்போது, எவ்வளவு வளைந்தால் துண்டிக்க வேண்டும் என்பதைத்தான் மாற்றுகிறோம். பெட்டியில் எரிந்து அணையும் சின்ன விளக்கு பெரும்பாலான மாடல்களில் இதையே காட்டுகிறது: எரிந்தால் சூடேறுகிறது, அணைந்தால் வைத்த அளவை எட்டிவிட்டது.

மட்டமான தெர்மோஸ்டாட்டில் துண்டிக்கும் சூட்டுக்கும் மறுபடி இணைக்கும் சூட்டுக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும். அதன் விளைவைத் துணியில் பார்க்கலாம். டயலைத் தொடவே இல்லை, ஆனால் முதல் பாலியஸ்டர் சட்டை தகட்டில் லேசாக ஒட்டி இழுக்கும், அடுத்ததில் சுருக்கமே போகாது. மறுபடி கொஞ்ச நேரத்தில் ஒட்டும். இப்படி ஆனால் துணியைக் குறை சொல்லாதீர்கள்.

வாங்கும்போது கரண்ட் இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். டயலைக் குறைந்த நிலையிலிருந்து மெதுவாகத் திருப்புங்கள். பல மாடல்களில் தொடக்கத்திலேயே ஒரு ‘டிக்’ சத்தம் தெளிவாகக் கேட்கும். டயல் கடைசிவரை சீரான இறுக்கத்தோடு சுற்ற வேண்டும். சில இடத்தில் தளர்ந்தும் சில இடத்தில் சிக்கியும் சுற்றினால், அல்லது டயலையே மேலும் கீழும் ஆட்ட முடிந்தால், வேறு பெட்டி கேளுங்கள்.

தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் இன்னொரு காவலும் வேண்டும்: தெர்மல் ஃபியூஸ். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு துண்டிக்காமல் போனால், சூடு எல்லை மீறும்போது இந்த ஃபியூஸ் ஒரேயடியாக அறுந்து பெட்டியை நிறுத்திவிடும். அட்டைப்பெட்டியிலோ கையேட்டிலோ ‘ஓவர் ஹீட் பாதுகாப்பு’, ‘தெர்மல் ஃபியூஸ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இது இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ஆட்டோ ஷட் ஆஃப் என்பது வேறு. பெட்டியை அசைக்காமல் படுக்கவைத்தால் சுமார் 30 வினாடியிலும், நிறுத்திவைத்தால் சுமார் 8 நிமிடத்திலும் தானாக அணைவது வழக்கமான அமைப்பு. சிறு குழந்தைகளும் மறதியும் உள்ள வீட்டில் இதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். மற்றவர்களுக்குக் கட்டாயமில்லை.

5. வயரைப் பிடித்து வளைத்துப் பாருங்கள்

தேய்க்கும்போது கை ஒவ்வொரு முறை முன்னும் பின்னும் போகையில் வயர் ஒரே இடத்தில் வளைகிறது. பெட்டியின் பின்பக்கம், வயர் உள்ளே நுழையும் அந்த இரண்டு அங்குலம். உள்ளேயிருக்கும் மெல்லிய செம்பு இழைகள் அங்கேதான் ஒவ்வொன்றாக அறும். ‘வயரை இப்படி அமுக்கிப் பிடித்தால்தான் விளக்கு எரிகிறது’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டால், இழைகளில் பாதி போய்விட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் உள்ளே பொறி பறக்கும். தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது.

முதலில், நுழைவாயிலில் இருக்கும் ரப்பர் உறையைப் பாருங்கள். வயரைப் பக்கவாட்டில் வளைத்தால் உறையும் சேர்ந்து வட்டமாக வளைய வேண்டும். உறை விறைப்பாக நின்று அதன் நுனியில் வயர் மட்டும் மடிந்தால், அறுபடும் இடம் அந்த நுனிக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து, வயரை லேசாக உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் பாருங்கள். துளிகூட நகரக் கூடாது. நகர்ந்தால் உள்ளே கிளாம்ப் சரியாகப் பிடிக்கவில்லை. இழுவை முழுவதும் இணைப்புத் திருகுகளின் மேல் விழும்.

360 டிகிரி சுழலும் இணைப்பு இருந்தால் நல்லது. வயர் முறுக்கிக்கொள்வது குறையும். ஆனால் அது ‘கடகட’ என்று ஆடக் கூடாது.

வயரின் மேல் சின்ன எழுத்தில் அளவு அச்சிட்டிருக்கும். 6 ஆம்பியர் வரை இழுக்கும் பெட்டிக்கு உள்கம்பி 0.75 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதற்கு மேல் 10 ஆம்பியர் வரை 1 சதுர மில்லிமீட்டர் என்றால் நிம்மதி. நூல் பின்னிய மேலுறை உள்ள வயர், சூடான தகட்டில் தவறிப் பட்டாலும் உடனே உருகாது. வெறும் பிளாஸ்டிக் உறை பட்ட இடத்தில் இளகிவிடும். நூல் உறைக்கு அச்சு இருக்காது என்பதால் அளவைக் கையேட்டில் தேட வேண்டியிருக்கும்.

நீளம் 1.8 முதல் 2 மீட்டர் இருக்கட்டும். முதல் படியில் அளந்த தூரத்தோடு ஒப்பிடுங்கள். வயர் பற்றாமல் எக்ஸ்டென்ஷன் போட்டால், இங்கே பார்த்த கவனமெல்லாம் வீண்.

பிளக்கில் எர்த் இணைப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இது உலோகத் தகடு, பக்கத்தில் ஈரத் துணி. உள்ளே எங்காவது கரண்ட் கசிந்தால் அது எர்த் வழியாகப் போக வேண்டும், உங்கள் கை வழியாகப் போகக் கூடாது.

6. அடித்தகடு: எதற்கு எது

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. பளபளப்பாகத் தேய்த்த அலுமினியத் தகடு சூட்டைச் சீராகப் பரப்பும், விலையும் குறைவு, ஆனால் பட்டன் பட்டால் கீறும். நான்-ஸ்டிக் பூச்சு செயற்கை இழைகளில் வழுக்கிக்கொண்டு போகும். அதன் எதிரி ஜிப். ஒரு கீறல் விழுந்தால் பூச்சு அங்கிருந்து உரியத் தொடங்கும். செராமிக் பூச்சும் நன்றாக வழுக்கும், கீழே விழுந்தால் சில்லு பெயரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீறலைத் தாங்கும், சுத்தம் செய்வதும் எளிது, பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் ஒரு மேல்தகடாகத்தான் வரும்.

குறைந்த பட்ஜெட்டில் பாலியஸ்டர் அதிகம் என்றால் நான்-ஸ்டிக், காட்டன் அதிகம் என்றால் ஸ்டீல் அல்லது வெறும் அலுமினியம். முனை கூர்மையாக இருக்கட்டும், பட்டன்களுக்கு இடையே அதுதான் போகும். தகட்டின் விளிம்பில் ஒரு பள்ளம் ஓடினால் பட்டனுக்கு அடியிலும் நுழையும்.

தகட்டின் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். பிசிறு தட்டினால் பட்டு நூலை அது இழுத்துவிடும்.

7. எடையையும் பிடியையும் கையால் முடிவு செய்யுங்கள்

லேசான டிரை அயர்ன் ஒரு கிலோவுக்கும் குறைவு. கனமானவை 2 கிலோவை நெருங்கும். கனமான பெட்டி தடித்த காட்டனைத் தன் எடையாலேயே அமுக்கும், நீங்கள் தள்ளினால் போதும். ஆனால் ஒவ்வொரு முறை தூக்கி நிறுத்தும்போதும் அந்த எடையை மணிக்கட்டு சுமக்கும். மெல்லிய துணிகளும் தினம் ஒன்றிரண்டு உடுப்புகளும் என்றால் லேசானது நல்லது. தடித்த துணிகள் நிறைய, கையில் வலு உண்டு என்றால் கனமானது. ஸ்டீம் பெட்டியை எடை போடும்போது தண்ணீரையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 300 மில்லி தொட்டி என்றால் 300 கிராம் கூடுதல்.

கைப்பிடியைப் பிடித்ததும் விரல் முட்டிகள் பெட்டியின் உடலைத் தொடக் கூடாது. பத்து நிமிடத்தில் அந்த இடம் சுடும். பெட்டியை அதன் குதிகால் மேல், அதாவது பின்பக்கத்தில் நிமிர்த்தி நிறுத்தி, மேலே ஒரு விரலால் லேசாகத் தட்டுங்கள். தள்ளாடி நின்றால் சரி, சாய்ந்தால் வேண்டாம்.

8. ஸ்டீம்தான் என்றால் இவற்றையும் பாருங்கள்

டிரை என்று முடிவு செய்தவர்கள் அடுத்த படிக்குப் போய்விடலாம்.

தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சூடான அறையில் விழுந்து உடனே ஆவியாக வேண்டும். தகடு போதிய சூட்டில் இல்லையென்றால் அது தண்ணீராகவே ஓட்டை வழியாக வந்து துணியில் கறை வைக்கும். ‘புதுப் பெட்டி ஒழுகுகிறது’ என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான்: டயல் ஒரு புள்ளியில், ஸ்டீம் முழுசாக. இரண்டு புள்ளிக்குக் கீழே ஸ்டீமை மூடி வையுங்கள். ஆன்டி டிரிப் வால்வு இருந்தால் இந்தத் தொல்லை குறையும், அதற்குக் காசு கொடுக்கலாம்.

தொடர் ஆவி நிமிடத்துக்கு இத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். 20 கிராம் என்பது வீட்டு வேலைக்கு ஓடும், 30 இருந்தால் லினனுக்கும் சுகம். பக்கத்திலேயே ‘ஸ்டீம் பர்ஸ்ட்’ என்று ஒரு பெரிய எண் இருக்கும். அது பட்டனை அழுத்தும்போது ஒரு நொடி வெடித்து வருவது. இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது தொடர் ஆவியைத் தொடர் ஆவியோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

செல்ஃப் கிளீன் வசதி கட்டாயம் இருக்கட்டும். உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் கொதிக்கும்போது சுண்ணாம்பாகப் படிந்து ஓட்டைகளை அடைக்கும். அந்தப் படிவை ஆவியும் வெந்நீரும் அடித்துத் தள்ளும் வழிதான் செல்ஃப் கிளீன். எந்தத் தண்ணீர் ஊற்றுவது என்பதற்கு அந்தப் பெட்டியின் கையேடு சொல்வதே சட்டம். சில கம்பெனிகள் குழாய்த் தண்ணீர் போதும் என்கின்றன, சில டிஸ்டில்டு தண்ணீரைக் கலக்கச் சொல்கின்றன. வாசனைத் தண்ணீரும் கஞ்சியும் மட்டும் எந்தத் தொட்டிக்கும் ஆகாது.

9. கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய சோதனை

கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, மூடிய அட்டைப்பெட்டியை வாங்கிக்கொண்டு வராதீர்கள். உங்களுக்குத் தரப்போகும் அதே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.

கண்ணாடி மேசையில் தகட்டை வையுங்கள். நான்கு மூலையையும் மாறி மாறி அழுத்துங்கள். ஆடினால் தகடு சமமாக இல்லை. பிறகு டயல், வயர், குதிகால் என்று மேலே சொன்ன சோதனைகளை வரிசையாகச் செய்யுங்கள். இரண்டு நிமிடம் ஆகும். கடைக்காரர் முகத்தைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம் பெட்டியில் ஒட்டியோ பொறித்தோ இருக்கும் விவரத் தகட்டைப் படியுங்கள். மாடல் எண், வாட், வோல்ட் மூன்றும் அட்டைப்பெட்டியில் இருப்பதோடு பொருந்த வேண்டும். உங்கள் நாட்டின் பாதுகாப்புச் சான்றுக் குறி அட்டையில் மட்டும் இல்லாமல் பெட்டியிலும் இருக்க வேண்டும். மின் இஸ்திரிப் பெட்டிகளுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரம் ஐஇசி 60335-2-3; பல நாடுகளின் தரங்கள் இதை ஒட்டியவை.

வாரண்டியில் ‘இரண்டு வருடம்’ என்ற எண்ணோடு நிற்காமல் எதற்கு என்று பாருங்கள். காயிலுக்கு மட்டுமா, முழுப் பெட்டிக்குமா? வயரும் தகட்டுப் பூச்சும் அதில் சேருமா? வாங்கும் முன்பே அருகில் உள்ள சர்வீஸ் சென்டருக்கு போன் செய்து, ‘இந்த மாடலுக்கு வயரும் தெர்மோஸ்டாட்டும் கிடைக்குமா’ என்று கேளுங்கள். போனையே எடுக்கவில்லை என்றால் அந்த வாரண்டியின் மதிப்பு தெரிந்துவிட்டது. பெரிய பெயராக இல்லாத கம்பெனியானாலும் உதிரிபாகம் கிடைக்கிறது என்றால் அதை நான் முன்னால் வைப்பேன்.

ஆன்லைனில் வாங்குவதென்றால் ஐந்து நட்சத்திர விமர்சனங்களைத் தள்ளிவிடுங்கள். அவை பெரும்பாலும் பெட்டி வந்த அன்றே எழுதியவை. நிறம் அழகு, டெலிவரி வேகம் என்றுதான் இருக்கும். இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்து, சில மாதம் கழித்து எழுதியவற்றைத் தேடுங்கள். ஒருவர் இருவர் புகார் எந்தப் பொருளுக்கும் உண்டு. வெவ்வேறு ஆட்கள் ஒரே பழுதையே சொல்கிறார்களா என்பதுதான் கேள்வி: சூடே ஏறவில்லை, பூச்சு உரிகிறது, வயர் நுழையும் இடம் கருகியது. ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்தால் அந்த மாடலையே விட்டுவிடுங்கள்.

10. முதல் நாளே சோதித்துவிடுங்கள்

திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. தேய்க்க வேண்டிய துணி சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அட்டைப்பெட்டியையும் பில்லையும் அந்தக் கெடு முடியும்வரை எறியாதீர்கள்.

தகட்டில் ஒட்டிய ஸ்டிக்கர், பாதுகாப்புத் தாள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். டயலைக் குறைந்த அளவில் வைத்து இணைப்புக் கொடுங்கள். சிறிது நேரத்தில் விளக்கு அணைய வேண்டும். சில நிமிடங்களாகியும் அணையவே இல்லை என்றால் தெர்மோஸ்டாட் துண்டிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அணைந்ததா? டயலை உச்சத்துக்குக் கொண்டுபோங்கள். விளக்கு மறுபடி எரிந்து, கூடுதல் நேரம் எடுத்து அணைய வேண்டும். முதல் முறை லேசாகப் புகையும் வாடையும் வரலாம். உற்பத்தியின்போது பட்ட எண்ணெய்ப் பசை எரிவது அது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், சில நிமிடத்தில் நின்றுவிடும். பிளாஸ்டிக் கருகும் வாடையோ தொடர்ந்து புகையோ வந்தால் அது வேறு விஷயம், நிறுத்துங்கள்.

ஒரு பழைய வெள்ளைக் காட்டன் துணியைச் சீராக ஈரமாக்கி, அதன் மேல் தகட்டைச் சில வினாடி அசையாமல் வைத்து எடுங்கள். காய்ந்த தடம் முனையிலிருந்து பின்பக்கம்வரை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் ஈரமாகவே இருந்தால் காயில் சரியாகப் பதியவில்லை.

பத்து நிமிடம் தேய்த்தபின் பெட்டியை அணைத்து, சுவிட்சையும் நிறுத்திவிட்டு, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பிளக்கோ சாக்கெட்டோ தளர்வாக இருக்கிறது; வேறு சாக்கெட்டில் போட்டு எது என்று கண்டுபிடியுங்கள். தேய்க்கும்போது விரலில் ‘சுர்’ என்று உணர்ந்தால் சோதனையெல்லாம் வேண்டாம். இணைப்பைத் துண்டித்து, பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, வீட்டு எர்த்தையும் எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டீம் பெட்டிக்குக் கூடுதலாக ஒன்று: தண்ணீர் நிரப்பி, ஸ்டீமை மூடி, இணைப்புக் கொடுக்காமல் ஒரு காகிதத்தின் மேல் கால் மணி நேரம் நிறுத்திவையுங்கள். காகிதம் நனைந்தால் சீல் சரியில்லை.

11. நல்ல பெட்டியையும் கெடுக்கும் பழக்கங்கள்

காட்டனில் தொடங்கிப் பட்டில் முடிப்பது. சூடேறுவது சீக்கிரம் நடக்கும், ஆறுவதற்கு நேரமாகும். டயலைக் குறைத்துவிட்டோம் என்று உடனே பட்டில் வைத்தால் தகடு இன்னும் காட்டன் சூட்டில்தான் இருக்கும். குறைந்த சூட்டுத் துணிகளை முதலில் முடித்துவிட்டு மேலே போங்கள். முதல் முறை சூடேறும்போது தகடு வைத்த அளவைக் கொஞ்சம் தாண்டியும் போகும் என்பதால், மென்மையான துணிக்கு விளக்கு ஒருமுறை அணைந்து, எரிந்து, மறுபடி அணையும்வரை பொறுங்கள்.

சூடான பெட்டியைச் சுற்றி வயரை இறுக்கிச் சுற்றுவது. உறை இளகும், நுழைவாயிலில் இழை அறும். ஆறவிட்டு, தளர்வாகச் சுற்றுங்கள்.

ஸ்டீம் தொட்டியில் தண்ணீரை அப்படியே விட்டுவைப்பது. சூடு இருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள், மிச்ச ஈரம் அந்தச் சூட்டிலேயே காயும்.

தகட்டில் ஒட்டிய கருகலைக் கத்தியாலோ கம்பி நாராலோ சுரண்டுவது. நான்-ஸ்டிக் பூச்சு என்றால் அன்றோடு முடிந்தது. ஆறிய தகட்டை ஈரத் துணியால் துடையுங்கள். போகவில்லை என்றால் லேசான சூட்டில் ஈரமான தடித்த காட்டன் துணியின் மேல் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள்.

கடைசியாக, ரிப்பேர். திடீரென்று பெட்டி சூடே ஏறாமல் போனால் வயர் அறுந்திருக்கலாம் அல்லது தெர்மல் ஃபியூஸ் போயிருக்கலாம். இரண்டுமே மலிவான பாகங்கள், மாற்றினால் பெட்டி பல வருடம் ஓடும். ஆனால் சில ரிப்பேர்க்காரர்கள் ஃபியூஸ் கிடைக்கவில்லை என்று அந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியை முறுக்கி இணைத்துக் கொடுத்துவிடுவார்கள். பெட்டி உடனே வேலை செய்யும், செலவும் குறையும். அடுத்த முறை தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் அதை நிறுத்த உள்ளே எதுவும் இருக்காது. ரிப்பேருக்குக் கொடுக்கும்போதே ‘ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும், பழையதைக் கையில் கொடுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். ஃபியூஸ் எதனால் போனது என்றும் கேளுங்கள். தெர்மோஸ்டாட் கெட்டதால்தான் போயிருந்தால், இரண்டையும் சேர்த்து மாற்றாமல் பெட்டியைத் திரும்ப வாங்காதீர்கள்.